பனிக்கால விருந்தினரும் ஊரார் வாடகையும்

ஒரு பொருளின் விலை ஏன் ஏறுகிறது என்று உங்களிடம் கேட்டால், "வேண்டுவோர் மிகுந்தனர், பொருள் குறைந்தது" என்று தயங்காமல் விடை கூறுவீர்கள். அவ்விடை சரியானதே. எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை ஏறுவதும் இறங்குவதும் இவ்விதியின்படியே நிகழ்கின்றன. விலை ஏறினால் உழவர் மிகுதியாகப் பயிரிடுவர். மூன்று திங்களில் கூடைகள் வந்து குவியும். விலை தானே தணியும்.

வீட்டின் கதை வேறு. அதனை நாற்று நட்டு மூன்று திங்களில் அறுவடை செய்ய இயலாது. மனை வேண்டும், முதல் வேண்டும், குடிநீரும் சாலையும் வேண்டும். கட்டி முடித்த பின்னரும், ஓரூரில் மிஞ்சிய வீட்டை வண்டியில் ஏற்றி, வீடு குறைந்த ஊருக்கு அனுப்ப இயலாது. இத்தகைய பொருளை நாடி ஆண்டில் நான்கைந்து மாதங்களுக்கு மட்டும் புதியவர் வந்து சேர்ந்தால், அவ்வூரின் வாடகை என்னவாகும்? அவர்கள் சென்ற பின் அது பழைய நிலைக்குத் திரும்புமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

குளிருக்கு அஞ்சி வெப்பமான ஊர்களைத் தேடிச் செல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் பருவமறிந்து வந்து, பருவம் முடிந்ததும் திரும்புவதை நீங்கள் அறிவீர்கள். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் குளிர்காலத்தில் புளோரிடாவுக்கு வந்து தங்கும் முதியோரை அந்நாட்டார் 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கின்றனர். வட ஐரோப்பியர் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குச் செல்கின்றனர். நம் நாட்டில் கோவா இவ்வகையில் பெயர் பெற்றது. தமிழகத்தில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு திருவண்ணாமலை. நான் வாழும் அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி, அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகச் சில மணி நேரத்தில் அடையக்கூடிய ஊர் அது. ஆதலின் அதனையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறேன்.

திருவண்ணாமலைக்கு அயல்நாட்டார் ஏன் வருகின்றனர்? மதுரை மாவட்டத்துத் திருச்சுழியைச் சேர்ந்த குடும்பத்தில் 1879இல் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், 1896 செப்டம்பர் முதல் நாளன்று திருவண்ணாமலையை அடைந்தார். அவரே பின்னர் ரமண மகரிஷி என்று போற்றப்பெற்றார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அம்மலையை விட்டு அகலவில்லை. திருச்சுழி இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் அவரைக் கண்டு எழுதிய நூல் 1934இல் வெளிவந்தது. அந்நூல் மேலை நாடுகளில் பரவியது. அன்று தொடங்கிய வருகை மகரிஷியின் மறைவுக்குப் பின்னும் நிற்கவில்லை. செங்கம் சாலையில் அவருடைய ஆசிரமம் அமைந்துள்ள பகுதியையும் மலை வலம் வரும் பாதையின் ஓரங்களையும் ஒட்டி, வெளிநாட்டார் அறையும் வீடும் எடுத்துத் தங்குவது நெடுநாளைய வழக்கமாயிற்று.

அவர்கள் பெரும்பாலும் பனிக்காலத்தில் வருவதற்குக் காரணங்கள் பல. சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வூரின் பாறை வெப்பத்தை அயலார் மட்டுமன்றி நாமும் தாங்குவது அரிது. கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியும் தையும் வரும்போது காற்று இதமாகிறது. அதே வேளையில் ஐரோப்பாவில் பனி கொட்டுகிறது. கார்த்திகைத் தீபமும், மார்கழிப் புனர்பூசத்தில் வரும் ரமணர் பிறந்தநாளும் இக்காலத்தில்தான் அமைகின்றன. இவ்வாறு வானிலையும் வழிபாடும் ஒரே திங்களைச் சுட்டுகின்றன.

இனி, சட்டத்தின் பங்கையும் அறிதல் வேண்டும். இந்திய வம்சாவளியினர் அல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள், இந்தியாவில் நிலைத்து வாழ்பவராயினன்றி, இங்கே வீடோ மனையோ விலைக்கு வாங்குதற்கு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பொதுவாக இடந்தரவில்லை. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அது இசைகிறது. ஆகவே, சுற்றுலா விசாவில் சில மாதங்கள் தங்க வருபவர் வாடகைக்கே வருகிறார். புளோரிடாவில் பனிப்பறவை வீட்டை வாங்கிப் பூட்டிச் செல்லலாம்; திருவண்ணாமலையிலோ அவருடைய பணம் வாடகையின் வழியாகவே வீட்டுச் சந்தைக்குள் நுழைகிறது. ஊரின் வாடகையில் அவ்வரவின் தாக்கம் நேரே விழுவதற்கு இதுவே முதற்காரணம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "கார்த்திகைத் தீபத்திற்குப் பல இலட்சம் மக்கள் திரள்கின்றனரே! முழுநிலா நாள்தோறும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதையை இலட்சக்கணக்கானோர் வலம் வருகின்றனரே! அவர்களால் ஏறாத வாடகை, அவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிலரேயான வெளிநாட்டாரால் எவ்வாறு ஏறும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எங்கள் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அட்டமியன்று பெருங்கூட்டம் வருகிறது. அன்று பூக்கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நல்ல வரும்படி. இரவு கவிந்ததும் கூட்டம் கலைகிறது. எவரும் வீடு தேடுவதில்லை. ஒரு நாள் வருபவருக்கு வேண்டியது சோறும் நீரும் நிழலும். ஒரு வாரம் தங்குபவருக்கு விடுதி அறை வேண்டும். நான்கு மாதம் தங்குபவருக்கோ சமையலறை வேண்டும். துணி உலர்த்த மாடி வேண்டும். அமைதியான தெரு வேண்டும். அதாவது, நீங்களும் நானும் வாழ்வதற்கு எத்தகைய வீட்டைத் தேடுவோமோ, அதே வீடு அவருக்கும் வேண்டும். வீட்டுச் சந்தையை அசைப்பது தலைகளின் எண்ணிக்கையினும் தங்கும் நாட்களின் நீளமே என்பதை முதற் பாடமாகக் கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்துக்கொண்டவை. ஒரு தெருவில் வாடகைக்குரிய வீடுகள் 100 உள்ளன. அவற்றுள் 97 வீடுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் வாழ்கின்றன. 3 வீடுகள் காலி. பனிக்காலத்தில் 10 விருந்தினர் வீடு தேடி வருகின்றனர். மூவருக்கு இடமுண்டு, எழுவருக்கு இல்லை. நூற்றில் ஏழு பங்குதானே குறைவு என்று எளிதாக எண்ணாதீர்கள். புளி மண்டியில் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைசி மூட்டைக்குப் போட்டியிடும் இருவர் எந்த விலைக்கு ஏறுகிறார்களோ, அவ்விலையையே அடுத்த நாள் எல்லா மூட்டைக்கும் கேட்பர். வாடகையும் அவ்வாறே விளிம்பில் நிற்பவரால் முடிவாகிறது. யூரோவிலும் டாலரிலும் வருவாய் உள்ளவர் ஒருபுறமும், ஊரில் மாதச் சம்பளமோ நாட்கூலியோ பெறுபவர் மறுபுறமும் நின்றால், அவ்வேலத்தின் முடிவு யாதாகும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்து, வீட்டுடையவரின் உள்ளத்துக்குள் நுழைந்து பார்ப்போம். அவருக்குச் சிறிய வீடு ஒன்று உண்டு. உள்ளூர்க் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 6,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 72,000 ரூபாய். பனிக்கால விருந்தினருக்கு விட்டால் மாதம் 16,000 ரூபாய். ஐந்து மாதத்துக்கு 80,000 ரூபாய். ஏழு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் அவருக்கு 8,000 ரூபாய் மிகுதி. அந்த எட்டாயிரம் ரூபாய்க்காக ஏழு மாதம் ஒரு குடும்பம் வாழத்தக்க இடம் வெறுமனே கிடக்கிறது. இதில் வீட்டுடையவரைக் கொடியவர் என்று தூற்றுவதற்கில்லை. அவருடைய கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆயினும், ஒருவர் கணக்குக்குச் சரியாக இருப்பது ஊரின் கணக்குக்குத் தவறாக முடிவதுண்டு. பொருளியல் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. அதே வீட்டில் ஆண்டு முழுவதும் இருக்க விரும்பும் உள்ளூர்க் குடும்பம் என் செய்யும்? வீட்டுடையவருக்கு 80,000 ரூபாய் ஈடு செய்தால் அவர் இசைவார். அதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 6,667 ரூபாய் ஆகிறது. கவனியுங்கள்: விருந்தினர் ஒருவரும் இல்லாத சித்திரையிலும் ஆடியிலும் அக்குடும்பம் அந்த மிகுதியைக் கொடுக்கிறது. மார்கழியின் விலையை அவர்கள் வைகாசியிலும் செலுத்துகின்றனர். நான்கைந்து மாதத் தேவை பன்னிரண்டு மாத வாடகையாக மாறுவது இவ்வழியால்தான். பருவம் முடிந்ததும் வாடகை இறங்காதா என்ற வினாவிற்கும் இதிலேயே விடை உண்டு. வெளிநாட்டாரையே காணாத அடுத்த தெருவிலுங்கூட, "இந்தப் பக்கத்தில் இதுதான் வாடகை" என்ற பேச்சு நிலைத்துவிடுகிறது.

வாடகை ஏறினால் நிலத்தின் விலை ஏன் ஏறுகிறது? ஒரு சொத்தின் விலையை அது தரும் வருவாயைக் கொண்டு மதிப்பிடுவர். ஆண்டு வாடகையைப் போல் 25 மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால், 72,000 ரூபாய் தந்த வீட்டின் மதிப்பு 18 இலட்சம். 80,000 ரூபாய் தருவது 20 இலட்சம். வீட்டில் ஒரு செங்கல்லும் கூடவில்லை, கூரையும் மாறவில்லை. மதிப்பு மட்டும் 2 இலட்சம் ஏறிற்று. அந்த ஏற்றம் சுவருக்கு உரியதன்று. அது நின்ற மண்ணுக்கு உரியது. இதனைக் கண்டதும், நாளை இன்னும் ஏறும் என்ற நம்பிக்கையில், குடியிருக்கும் எண்ணமே இல்லாதவரும் மனை வாங்குகின்றனர். கடலை விளைந்த புன்செயில் எல்லைக் கற்கள் முளைக்கின்றன. விருந்தினர் நிலத்தை வாங்கவில்லை. எனினும் அவர்களுடைய வருகையின் நிழல் நிலத்தின் மீது விழுகிறது.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு மாறுதலும் நேர்ந்துள்ளது. ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து அடியார் வருகை பெருகியுள்ளது. 2024இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. இரண்டு நாள் தங்குவோர் தொகை பெருகவே, குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பலவும் நாள் வாடகை அறைகளாக மாறுகின்றன. பனிக்காலத்தார் தொடங்கிய கணக்கை வார இறுதியில் வருவோர் நிறைவு செய்கின்றனர் எனலாம்.

இது வரை கூறியதைக் கேட்டு, விருந்தினரால் ஊருக்குக் கேடே என்று முடிவு செய்துவிடாதீர்கள். நன்மையையும் அதே நேர்மையுடன் எடை போடவேண்டும். ஆட்டோ ஓட்டுநர், சமையல் செய்யும் பெண்டிர், காய்கறி விற்பவர், தையற்காரர், மிதிவண்டி வாடகைக்கு விடுபவர், கொத்தர், தச்சர் எனப் பலருக்கும் பிழைப்பு அவர்களால் கிடைக்கிறது. முதுமையில் ஓய்வூதியம் இல்லாத சிலருக்கு மாடியில் கட்டிய ஓர் அறையின் வாடகையே ஓய்வூதியமாகிறது. சொந்த வீடு உள்ள ஏழைக்கும் இதனால் நலமுண்டு. நலமும் தீங்கும் பிரியும் இடம் எதுவெனில், அது செல்வர், ஏழை என்னும் கோட்டில் மட்டும் இல்லை. வீடுடையார், வாடகைக்கு இருப்பார் என்னும் கோட்டிலும் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பார் யார்? பணி மாற்றத்தால் வந்த ஆசிரியர், மருத்துவமனைச் செவிலியர், கல்லூரியில் பயில அயலூரிலிருந்து வந்து நண்பர்களுடன் அறை எடுத்திருக்கும் உங்களைப் போன்ற மாணவர், கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தார் ஆகியோர். என்னிடம் பயின்று ஆசிரியரான ஒருவர் அவ்வூருக்கு மாற்றலாகிச் சென்றார். ஓர் ஐப்பசியில் வீட்டுடையவர் அவரிடம், "கார்த்திகைக்குள் வீட்டைக் காலி செய்து கொடுங்கள், பங்குனியில் வேண்டுமானால் திரும்ப வாருங்கள்" என்று கூறினாராம். "பங்குனிவரை என் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிப்பார்கள் ஐயா?" என்று அவர் என்னைக் கேட்டார். நாற்பதாண்டுக்கு அணித்தாக வகுப்பறையில் நின்றவனாதலின் அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னர் வீடு மாறும் குழந்தை, பேருந்துக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் பிந்தித் திரும்புகிறது. வாடகைக் கணக்கில் இந்த இரண்டு மணி நேரத்திற்கு விலை எழுதப்படுவதில்லை.

பருவகால வருவாயை மட்டும் நம்பும் ஊர், ஒரே பயிரை நம்பும் புன்செய் உழவனுக்கு ஒப்பானது. 2020 மார்ச் 13 முதல் கொரோனாத் தொற்றின் காரணமாக இந்திய அரசு சுற்றுலா விசாக்களை நிறுத்தியது. தனித்து வரும் பயணிகளுக்குப் புதிய சுற்றுலா விசா வழங்குவது 2021 நவம்பர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பனிப்பருவம் முழுதும் அயல்நாட்டுப் பயணிகளின் வருகையின்றியே கழிந்தது. விருந்தினருக்கென்று கடன் வாங்கி அறை கட்டியவருக்குத் தவணை நிற்கவில்லை; வாடகை மட்டும் நின்றது. வரவு ஒரே திசையிலிருந்து வருமாயின், அத்திசை அடைபடும் நாளை முன்னரே எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

வட இந்தியாவில் இதற்கு மாறுபட்டதொரு வரலாறு உண்டு. அதனையும் ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். காஷ்மீரத்தில் ஸ்ரீநகர் குளிர்மிக்கது. ஜம்மு அதனை நோக்க வெப்பமானது. 1872இல், மகாராஜா ரண்பீர் சிங் ஆட்சியில், அரசு அலுவலகங்களே பருவந்தோறும் இடம்பெயரும் முறை ஏற்பட்டது. கோடைக்கு ஸ்ரீநகர், குளிருக்கு ஜம்மு. கோப்புகள் வண்டிகளில் ஏறும். அலுவலரும் அவர்தம் குடும்பத்தாரும் உடன் செல்வர். இதனைத் 'தர்பார் மாற்றம்' என்றனர். ஆண்டுதோறும் நவம்பரில் ஜம்முவின் கடைவீதிகள் உயிர்பெறும். செலவு மிகுதி என்பதாலும், கோப்புகள் கணினிக்கு மாறியதாலும் 2021இல் அம்முறை நிறுத்தப்பட்டது. இரு நகரங்களிலும் ஒதுக்கப்பட்டிருந்த அரசுக் குடியிருப்புகளை மூன்று வாரத்துக்குள் விட்டுவிடுமாறு அலுவலர்க்கு ஆணை பிறந்தது. ஜம்மு வணிகர் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2025இல் அம்முறை மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தலைமைச் செயலகம் ஜம்முவுக்கு வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியது யாது? பருவகாலத்தாரின் வருகை நின்றபோது வருந்தியவர்கள் ஜம்மு வணிகர்கள். ஊருக்கு அவ்வரவு எவ்வளவு வேண்டியது என்பதை இது காட்டுகிறது. அன்றியும், அலுவலரை அழைத்து வந்த அரசு, அவருள் பலருக்குக் குடியிருப்பும் தந்தது. விருந்தினரை அழைப்பவர் விருந்தினருக்குரிய இடத்தையும் தனியே அமைத்தால், ஊராரின் வீட்டுக் கதவை அவர்கள் தட்ட வேண்டிய தேவை குறைகிறது. திருவண்ணாமலையில் அழைப்பவர் பலர். இடம் அமைப்பதற்குப் பொறுப்பேற்பவர் எவர் என்பதே வினா.

நம் உதகமண்டலம் இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்த ஊர். கோவை ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிய பின், அங்கே வெள்ளையர் குடியிருப்பு எழுந்தது; பின்னாளில் அது சென்னை மாகாண அரசின் கோடைத் தலைமையிடமாகவும் விளங்கிற்று. வெப்பத்துக்கு அஞ்சி மலையேறியவருக்காகக் கட்டிய மாளிகைகளுள் பல, குளிர்காலத்தில் ஆளின்றிக் கிடந்தன. அண்மையில், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. வருகையை எண்ணாமல் வருகைக்குத் திட்டமிட இயலாது என்னும் உண்மையை இதனால் உணரலாம்.

பிற நாட்டார் கையாண்ட மருந்துகள் எவை? சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் மக்கள் வாக்களித்து, எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று விதித்தனர். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் சிற்றூரார் 2016இல் வாக்களித்து, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாகக் குடியிருப்பவர்க்கே உரியன என்றனர். கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி விதித்தது. இவற்றின் விளைவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் ஓர் எச்சரிக்கையும் தருகின்றனர். செயின்ட் ஐவ்ஸில் புதிய வீட்டுக்குத் தடை விதித்ததும், வெளியூர்ச் செல்வரின் நாட்டம் பழைய வீடுகளின் மேல் திரும்பிற்று. புதிய வீடு கட்டுவோர் ஆர்வம் குன்றினர். சுற்றுலாவையும் கட்டட வேலையையும் நம்பிய சுவிஸ் ஊர்களில் தொழிலாளர்க்கு வேலை குறைந்தது. மருந்து நோயினும் கடுமையாகாதபடி அளவறிந்து கொடுத்தல் வேண்டும்.

நம் நிலைக்கு ஏற்றவை எவை? என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, எழுத்து. தமிழகத்தில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை என்ற வரம்பைக் கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை, இரு தரப்பாரும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையால் முடிவாகிறது. அவ்வுடன்படிக்கையை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்தல் வேண்டும். எழுதிய காலவரை முடியுமுன் வாடகையாளரைக் காரணமின்றி வெளியேற்ற இயலாது. ஆகவே, ஐப்பசியில் முடியாமல் பள்ளியாண்டின் இறுதியில் முடியுமாறு காலத்தை எழுதிக் கொள்வது குடும்பத்திற்குக் காப்பாகும். வாய்மொழியை மட்டும் நம்பிக் குடியேறுபவர் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறார்.

இரண்டாவது, கணக்கு. வெளிநாட்டாரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எத்தனை பேர், எத்தனை நாள் தங்கினர் என்னும் விவரம் இவ்வழியால் திரள்கிறது. அதனைக் காவலுக்கு மட்டுமன்றி நகரமைப்புக்கும் பயன்படுத்தலாம். இங்கே ஒரு நுட்பத்தையும் எண்ணிப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 46 இலட்சம் வீடுகள் காலியாக இருந்தன என்று காட்டியது. அதற்கான வீட்டுப் பட்டியலை எடுத்த காலம் 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பனிக்காலத்தில் மட்டும் நிறையும் வீடு, கோடையில் வரும் கணக்காளர் கண்ணுக்குக் காலி வீடு. "காலி வீடுகள் இத்தனை இருக்க, வீட்டுப் பஞ்சம் எங்கே?" என்று ஒருவர் கேட்டால், எந்த மாதத்தில் எண்ணினீர் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, இடம். பருவகாலத்தார் தங்குவதற்கென்றே அமைந்த இல்லங்களும் ஆசிரம விடுதிகளும் பெருகினால், குடும்ப வீடுகளின் மேல் விழும் சுமை குறையும். விருந்தினரால் வரும் வரியில் ஒரு பகுதியைக் கொண்டு, ஊரில் பணிபுரிவோர்க்கு வாடகைக் குடியிருப்புகளை மாநகராட்சியும் வீட்டு வசதி வாரியமும் கட்டலாம். விருந்தினரின் பணமே ஊராரின் கூரையாகட்டும் என்பது என் எண்ணம்.

இம்மூன்றையும் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. 2024 டிசம்பர் முதல் நாளன்று, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் திருவண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் குழந்தைகள். அத்துயரத்துக்கும் பனிக்கால வாடகைக்கும் நேரான தொடர்பு உண்டு என்று நான் கூறமாட்டேன். மலைச்சரிவில் குடியேற்றம் நெடுங்காலமாக நிகழ்வது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், சமதளத்தில் மனையும் வாடகையும் எட்டாத உயரத்துக்கு ஏறினால், மக்கள் மலைச்சரிவையும் ஏரிக்கரையையும் நாடுவர் என்பது உலகியல்பு. வாடகை என்பது தாளில் எழுதும் எண் மட்டுமன்று. யார் எந்த மண்ணில் உறங்குவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

மாணவ நண்பர்களே, ஈகைக்குப் பெயர் போன அதியமானின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து பேசுகிறேன். வருவாரை வரவேற்பதில் நம் நாட்டார் எந்நாளும் பின்வாங்கியதில்லை. இனியும் பின்வாங்க வேண்டாம். குளிருக்கு ஒதுங்கியோ மன அமைதியை நாடியோ வருபவர் மீது சினங்கொள்வது தகாது. அவர்கள் வருகையை முன்னரே எண்ணி, இடம் வகுத்து, ஆதாயத்தைப் பங்கிடுவதே நம் கடமை.

உங்களுக்கு ஒரு பணி தருகிறேன். உங்கள் தெருவிலோ, கல்லூரி இருக்கும் தெருவிலோ, எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று வைகாசியில் ஒரு முறையும், மார்கழியில் ஒரு முறையும் எண்ணி ஏட்டில் குறியுங்கள். சென்ற ஆண்டு அவற்றில் யார் இருந்தனர், அவர்கள் இப்போது எங்கே இருக்கின்றனர் என்று அண்டை வீட்டாரிடம் பணிவுடன் கேட்டறியுங்கள். இரண்டு பட்டியலையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து நோக்குங்கள். நான் இதுகாறும் சொன்னது உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்பதை அப்பட்டியல்களே உங்களுக்கு விளக்கிக் கூறும்.